சென்னையில் 'டேட் நைட்' பிளான் பண்றீங்களா? வீடு திரும்பும் நேரத்தில் இருந்து தொடங்குங்க!

நண்பர் ஒருவருக்கு சோழிங்கநல்லூரில் வேலை, மேடவாக்கத்தில் ரூம். அவர் போனில் பேசிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, அண்ணா நகரில் லேடீஸ் ஹாஸ்டல். இரண்டு மாதம் பேசிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி டின்னருக்குப் போகலாம் என்று முடிவானது. நண்பர் இரண்டு நாள் உட்கார்ந்து ரிவ்யூ எல்லாம் படித்தார். நீலாங்கரையில் கடல் தெரிகிற மாதிரி ஒரு ரெஸ்டாரன்ட்டில் டேபிள் புக் செய்தார். மேஜையில் மெழுகுவர்த்தி, பக்கத்தில் அலைச் சத்தம். எல்லாம் கச்சிதம்.

அவர் ஆபீஸில் இருந்து அந்த இடத்துக்கு அரை மணி நேரம். அந்தப் பெண் அம்பத்தூரில் ஐந்தே கால் மணிக்குக் கிளம்பி, வந்து சேர்ந்தபோது ஏழரை. ஹாஸ்டல் கேட்டை பத்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதனால் எட்டு மணியில் இருந்தே அவர் பார்வை அடிக்கடி போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. கேப் கிடைக்குமா, எவ்வளவு காட்டுகிறது, ஈசிஆர் மேப்பில் சிவப்பாக இருக்கிறதா என்று. எட்டரைக்குக் கிளம்பிவிட்டார். மெயின் டிஷ் அப்போதுதான் மேஜைக்கு வந்தது.

'அவங்களுக்கு என்னைப் பிடிக்கல போல' என்று நண்பர் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். பிடிக்காமல் எல்லாம் இல்லை. கேட் பத்து மணிக்குப் பூட்டுகிறார்கள், அவ்வளவுதான். மூன்றே கால் மணி நேரப் பயணத்தில் கிடைத்த ஒரு மணி நேரச் சந்திப்பு அது. அந்த ஒரு மணி நேரத்திலும் பாதி, மெனு கார்டு பார்ப்பதிலேயே போனது.

நல்ல ரெஸ்டாரன்ட் எது, என்ன டிரஸ் போடலாம், பூ வாங்கலாமா, சாக்லேட் வாங்கலாமா என்று ஆலோசனை சொல்ல இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சென்னை மாதிரி ஊரில் ஒரு மாலை நன்றாகப் போவதும் சொதப்புவதும் அதில் எதையும் பொறுத்தது இல்லை என்பது இந்தக் கட்டுரையாளரின் அனுபவம். அது இரண்டு பேரும் எத்தனை மணிக்கு, எப்படி வீடு திரும்பப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

முதல் கேள்வி: 'எத்தனை மணிக்குக் கெளம்பணும்?'

பிளான் போடும்போது நாம் வழக்கமாகக் கேட்பது 'எத்தனை மணிக்கு மீட் பண்ணலாம்?' அதைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். 'நீங்க எத்தனை மணிக்கு வீட்ல இருக்கணும்?' என்று முதலில் கேளுங்கள். இதைக் கேட்கச் சிலர் தயங்குகிறார்கள். 'சீக்கிரம் கெளம்பிடுவேன்னு சொன்னா தப்பா நினைச்சுப்பாரோ' என்று எதிராளியும் சொல்லத் தயங்குவார். இப்படி இரண்டு பேரும் தயங்கி, கடைசியில் எட்டரை மணிக்கு அது வேறு விதமாக வெளியே வரும்.

ஹாஸ்டல் கேட், பாட்டியிடம் விட்டுவிட்டு வந்த குழந்தை, காலை ஏழு மணி ஷிஃப்ட், 'பத்துக்குள்ள வந்துடும்மா' என்று சொல்லி அனுப்பிய அப்பா. ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். இருவரில் யாருக்கு நேரம் குறைவோ, அவருடைய கடிகாரம்தான் அன்றைய கடிகாரம். அதை வைத்துப் பின்னால் இருந்து கணக்குப் போட வேண்டும்.

கேட் பத்து மணி என்றால் ஒன்பதே முக்காலுக்கு வாசலில் இருக்க வேண்டும். பயணம் முக்கால் மணி நேரம் என்றால் ஒன்பதுக்கு வண்டியில் ஏற வேண்டும். கேப் வருவதற்குப் பத்து நிமிடம், பில் வருவதற்குப் பத்து நிமிடம். ஆக எட்டே முக்காலுக்கு முன்பே பில் கேட்டாக வேண்டும். நிதானமாகச் சாப்பிட ஒன்றே கால் மணி நேரம். ஏழரைக்கு உட்கார வேண்டும். அதற்கு முன் ஒரு மணி நேரம் சும்மா நடந்து பேச வேண்டும் என்றால் சந்திப்பு ஆறரைக்கு. இந்தக் கணக்கில் பயணத்தை முக்கால் மணி நேரத்தில் இருந்து இருபது நிமிடமாகக் குறைத்தால், மிச்சமாகும் 25 நிமிடமும் உங்கள் இருவருக்கும் வந்து சேரும். எந்த ரெஸ்டாரன்ட்டாலும் தர முடியாத விஷயம் அது.

ஆக, சந்திக்கும் இடத்தை ஒருவர் ஆபீஸுக்கும் இன்னொருவர் ஆபீஸுக்கும் நடுவில் தேடாதீர்கள். சீக்கிரம் வீடு திரும்ப வேண்டியவரின் வீட்டுப் பக்கமாகத் தேடுங்கள். இன்னொருவர் கூடுதலாகப் பயணம் செய்யட்டும். ஈசிஆர் அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். அண்ணா நகர்க்காரரை அங்கே வரச் சொல்வது, டின்னருக்குக் கூப்பிடுவது இல்லை. டூர் கூட்டிப் போவது.

மேப்பை மூடிவிட்டு ரயில் பாதையைப் பாருங்க

சென்னையில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது வீண். மாலை ஆறரைக்கு ஓஎம்ஆரில் ஐந்து கிலோமீட்டர் என்பது ஒரு முழு பாட்காஸ்ட். அதிலும் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கிற சாலைகளில், போன வாரம் இருந்த யூ-டர்ன் இந்த வாரம் இருக்காது. இருவருக்கும் பொதுவாக ஒரு ரயில் பாதை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் வரும் ஸ்டேஷன்தான் உங்கள் ஏரியா.

இப்போதுள்ள மெட்ரோவில் நீல வழித்தடம் விம்கோ நகரில் தொடங்கி சென்ட்ரல், அண்ணா சாலை, சைதாப்பேட்டை, கிண்டி வழியாக விமான நிலையம் போகிறது. பச்சை வழித்தடம் சென்ட்ரலில் இருந்து எழும்பூர், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி வழியாக பரங்கிமலை. இரண்டும் சந்திப்பது சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும். தெற்கே இருப்பவர் ஆலந்தூர் ஸ்டேஷனில் பைக்கை நிறுத்திவிட்டுப் பச்சை வழித்தடத்தில் ஏறினால், வண்டி மாறாமல் எட்டாவது நிறுத்தம் அண்ணா நகர் டவர். வடக்கே இருப்பவருக்கு அண்ணா சாலை வசதி. எல்ஐசி, ஆயிரம் விளக்கு, தேனாம்பேட்டை என்று ஸ்டேஷன்கள் வரிசையாக இருக்கின்றன.

ஓஎம்ஆர்காரர்களுக்கு இன்னொரு வழி பறக்கும் ரயில். டைடல் பார்க் பக்கத்தில் இருக்கும் திருவான்மியூர் ஸ்டேஷனில் ஏறினால் ஆறாவது ஸ்டேஷன் திருமயிலை. மத்திய கைலாஷ் சிக்னலை மேலே இருந்து பார்த்துக்கொண்டே போகலாம், அந்தத் திருப்திக்கே டிக்கெட் காசு சரியாகிவிடும். ஆனால், இரவு ஒன்பதுக்கு மேல் அந்த ஸ்டேஷன்களில் பல ஆளரவம் இல்லாமல், வெளிச்சமும் குறைவாக இருக்கும். போவதற்குப் பறக்கும் ரயில், திரும்புவதற்கு ஆட்டோ அல்லது கேப் என்று வைத்துக்கொள்வது நல்லது.

மெட்ரோவின் கடைசி வண்டிகள் இரவு 11 மணியை ஒட்டி இருக்கும். உங்கள் ஸ்டேஷனில் அது எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டாம், வாட்ஸ்அப்பிலேயே எடுக்கலாம். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' என்ற ஆப்பும் வந்துவிட்டது.

சந்திக்கும் புள்ளியைப் பற்றி ஒரு சின்ன யோசனை. காத்திருந்தாலும் கஷ்டம் தெரியாத இடமாகப் பாருங்கள். இருவரில் ஒருவர் நிச்சயம் லேட்டாக வருவார், இது சென்னை. சிக்னல் ஓரத்தில் நின்று இருபது நிமிடம் காத்திருந்தவர், வந்தவரைப் பார்த்துச் சிரிப்பதற்கே பத்து நிமிடம் ஆகும். அண்ணா சாலை என்றால் 1844-ல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் இருக்கிறது. புத்தகம் புரட்டிக்கொண்டிருப்பவருக்கு நேரம் போவது தெரியாது. 'என்ன புக் எடுத்தீங்க?' என்று பேச்சும் தானாக ஆரம்பித்துவிடும். ஆனால், கடை ராத்திரி வரை திறந்திருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்ம கடல்ல சூரியன் மறையாது

பீச் இல்லாமல் சென்னையில் டேட்டா? போகலாம். ஆனால் 'கடலில் சன்செட் பார்க்கலாம்' என்று கூப்பிடுபவரை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். நம்முடையது கிழக்குக் கடற்கரை. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், பிளாட்டுகளுக்கு நடுவில் எங்கோ இறங்கிவிடும். நாம் பார்த்துக்கொண்டிருக்கிற கடல் சும்மா கறுத்துப் போகும், அவ்வளவுதான்.

நமக்குக் கிடைத்திருப்பது வேறொன்று: நிலா உதயம். பௌர்ணமி அன்று சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டியே நிலா கடலுக்குள் இருந்து எழும். முதலில் செம்பும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில், பெரிதாக, யாரோ எதையோ பற்ற வைத்த மாதிரி. மேலே ஏற ஏற வெளுக்கும். தண்ணீரில் நம் காலடி வரைக்கும் ஒரு வெள்ளிப் பாதை விழும். மேற்குக் கடற்கரைக்காரர்களுக்கு இது மாலை நேரத்தில் கிடைக்காது.

பௌர்ணமி அன்று முடியவில்லை என்றாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நிலா சராசரியாக 50 நிமிடம் தள்ளி உதிக்கும். சென்னையில் சூரியன் மறையும் நேரம் நவம்பர் கடைசியில் 5.40 வாக்கில், ஜூலை தொடக்கத்தில் 6.40 வாக்கில். அப்படியென்றால் குளிர்காலத்தில் பௌர்ணமிக்கு மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள், ஆறரையில் இருந்து ஏழரைக்குள் நிலா வரும். ஆபீஸ் முடித்து வருபவர்களுக்கு உண்மையில் பௌர்ணமியைவிட இதுதான் வசதி. போனில் இருக்கும் வானிலை ஆப்பிலேயே நிலா உதயமாகும் நேரம் வரும். 'வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஒண்ணு காட்டணும், வாங்க' என்று கூப்பிட்டுப் பாருங்கள். டிக்கெட் இல்லை, புக்கிங் இல்லை. மேகம் இருந்தால் மட்டும் ஏமாற்றம், அதற்குத்தான் சுண்டல்.

மெரினாவா, பெசன்ட் நகரா? பேசுவதற்கு பெசன்ட் நகர். மெரினாவில் மணலைத் தாண்டித் தண்ணீருக்குப் போகவே நல்ல நடை, கூட்டமும் அதிகம். சேப்பாக்கத்தில் மேட்ச் இருந்தால் அந்தப் பக்கமே தலைவைக்க முடியாது. பெசன்ட் நகரில் வார நாள் மாலை என்றால் உட்கார இடம் கிடைக்கும், சாப்பிட எதிரிலேயே கடைகள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பார்க்கிங் தேடியே நிலா உச்சிக்குப் போய்விடும். இன்னும் அமைதி வேண்டும் என்றால் திருவான்மியூர் கடற்கரை.

பெசன்ட் நகர் பீச்சில் இருக்கும் அந்த வெள்ளை வளைவு மண்டபத்தை எத்தனையோ சினிமாக்களில் பார்த்திருப்பீர்கள். ஜோடிகள் போட்டோ எடுக்கும் இடம் அது. 1930-ல், கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரிழந்த கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டுக்காரரின் நினைவிடம் என்பது பலருக்குத் தெரியாது. நம் கடற்கரைகளில் அலை திரும்பும்போது உள்ளே இழுக்கும். இருட்டிய பிறகு ஹீரோயிசம் காட்டி முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம்.

கிச்சன் மூடிட்டாங்க சார்!

படமும் டின்னரும் ஒரே மாலையில் வேண்டும் என்பவர்களுக்கு என் சொந்தக் கதை ஒன்று. கல்யாணம் ஆகி மூன்றாவது வருஷம், கல்யாண நாள். ஏழு மணி ஷோ. விளம்பரம், இடைவேளை எல்லாம் சேர்த்து வெளியே வரும்போது பத்தே கால். பார்க்கிங்கில் இருந்து வண்டி எடுத்து, ஏற்கெனவே பேசி வைத்திருந்த ரெஸ்டாரன்ட்டுக்குப் போனால் பத்து நாற்பது. 'கிச்சன் மூடிட்டாங்க சார், ஐஸ்க்ரீம் மட்டும் இருக்கு' என்றார்கள். கடை பதினொன்று வரை என்று போர்டு சொன்னது. லாஸ்ட் ஆர்டர் பத்தரை என்று போர்டு சொல்லவில்லை. பட்டுப்புடவையோடு தள்ளுவண்டிக் கடையில் நின்று கொத்து பரோட்டா சாப்பிட்டோம். மனைவி இதை இன்று வரைக்கும் எல்லா விசேஷத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. அனுமதி வேறு, நடைமுறை வேறு. டேபிள் புக் செய்யும்போது 'எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?' என்று கேட்காதீர்கள். 'லாஸ்ட் ஆர்டர் எத்தனை மணிக்கு?' என்று கேளுங்கள்.

அது போக, முதல் சில சந்திப்புகளுக்கு சினிமா அவ்வளவு பொருத்தம் இல்லை என்பதுதான் என் கட்சி. மூன்று மணி நேரம் இருட்டில், பேசாமல், ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கு இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் வர வேண்டுமா? டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது, பாப்கார்னுக்கு யாரும் வைக்கவில்லை என்பது தனிக் கதை. படம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் நாலு மணி ஷோ போங்கள். ஏழு மணிக்கு வெளியே வரும்போது பேச ஒரு விஷயமும் இருக்கும், பேச நேரமும் இருக்கும்.

பட்ஜெட் குறைவு என்றால் கவலையே வேண்டாம், மயிலாப்பூர் இருக்கிறது. மாட வீதிகளைச் சுற்றி ஒரு நடை. காளத்தி கடையில் ரோஸ் மில்க். பெயர்ப் பலகையை நம்பாமல் ஜன்னல் வழியாகவே பஜ்ஜி கொடுத்துப் பெயர் வாங்கிய ஜன்னல் கடை. குளக்கரைப் பக்கம் நின்றபடி பேச்சு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்நூறு ரூபாய் செலவு செய்வதற்கே கஷ்டப்பட வேண்டும். மார்கழி என்றால் இன்னும் கொண்டாட்டம். கச்சேரிக்கு டிக்கெட் இல்லாவிட்டாலும் பல சபா கேன்டீன்களில் இலை போட்டுச் சாப்பிடலாம். கர்நாடக சங்கீதம் தெரியாதே என்று கூச்சப்பட வேண்டாம், கேன்டீனில் இருக்கும் பாதிப் பேருக்கும் தெரியாது.

பெரிய ரெஸ்டாரன்ட் என்றால் பில்லில் ஒரு விஷயத்தைப் பாருங்கள். ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். ஆனால் 'சர்வீஸ் சார்ஜ்' கட்டாயம் இல்லை. ஹோட்டல்கள் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 'இதை எடுத்துடுங்க' என்று சாதாரணமாகச் சொன்னாலே பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். எடுக்கவில்லை என்றால், அந்த 150 ரூபாய்க்காக எதிரில் இருப்பவர் நெளியும்படி சண்டை போட வேண்டாம். பில்லை போட்டோ எடுத்துக்கொண்டு மறுநாள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

பில்லை யார் கொடுப்பது? பில் வந்த பிறகு 'நான், நான்' என்று இழுத்துக்கொள்ளும் நாடகத்தைவிட, 'சாப்பாடு நான், காபி நீங்க' என்று உள்ளே போகும்போதே பேசிவிடுவது இரண்டு பேருக்கும் நிம்மதி.

'யாராவது பார்த்துட்டா?'

இந்தக் கேள்வி பெண்களிடம்தான் அதிகம் இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. பெரியப்பா பையன் பார்த்து வீட்டில் சொன்னால், ஆணுக்கு ஒரு வாரம் கிண்டல். பெண்ணுக்கு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வா என்று கூப்பிடும் அளவுக்குக்கூட அது போகலாம். சாதி வேறு, மதம் வேறு என்றால் விளைவு இன்னும் மோசமாக இருக்கலாம். தமிழ்நாட்டில் இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே இடம் தேர்வு செய்வதில் கடைசி வார்த்தை, மாட்டிக்கொண்டால் அதிகம் இழக்கப் போகிறவருடையதாக இருக்கட்டும். அவர் 'தி.நகர் வேண்டாம்' என்றால் ஏன் என்று தோண்டாதீர்கள். 'ஸ்டோரி போடாதீங்க' என்றால் போடாதீர்கள். டேக் செய்த ஒரு போட்டோ, உங்களைவிட வேகமாக அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

அதே சமயம், யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக ஆளே இல்லாத இடத்துக்குப் போவதும் சரியில்லை. சவுக்குத் தோப்பு, பாதி கட்டிய லேஅவுட், இருட்டான கடற்கரை ஓரம் எல்லாம் வழிப்பறிக்கும் மிரட்டலுக்கும் வசதியான இடங்கள். வீட்டுக்குத் தெரியாமல் வந்த ஜோடி புகார் கொடுக்கப் போகாது என்பது மிரட்டுபவருக்கு நன்றாகத் தெரியும். கூட்டத்துக்கு நடுவே, யாருக்கும் உங்களைத் தெரியாத ஏரியாவில் உட்கார்ந்திருப்பது அதைவிடப் பாதுகாப்பு.

ரோந்து போலீஸ் வந்து கேட்டால்? இரண்டு வயதுவந்தவர்கள் பொது இடத்தில் சேர்ந்து உட்கார்ந்திருப்பது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மற்றவர்களுக்குத் தொந்தரவாகும்படி பொது இடத்தில் ஆபாசமாக நடந்துகொள்வதைத்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-வது பிரிவு குற்றம் என்கிறது. முன்பு ஐபிசி-யில் 294. எது ஆபாசம் என்பதற்குத் தெளிவான அளவுகோல் இல்லாததுதான் சிக்கல். தோளில் சாய்ந்திருப்பதும் தவறு என்று நினைக்கும் ஒருவர் காக்கிச் சட்டையில் இருக்க வாய்ப்பு உண்டு. திருமணச் சான்றிதழ் கேட்பதற்கோ, பெற்றோருக்கு போன் போடச் சொல்வதற்கோ சட்டத்தில் இடமில்லை. திருமணமாகாத இருவர் ஹோட்டலில் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே 2019 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. பீச்சில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இருந்தாலும் அந்த இடத்தில் சட்டப் பிரிவு ஒப்பிப்பதால் பெரிய பலன் இருக்காது. 'சரிங்க சார், கெளம்பறோம்' என்று அமைதியாகச் சொல்லிவிட்டு வெளிச்சமான இடத்துக்கு வந்துவிடுங்கள். கடற்கரையில் பத்து மணியை ஒட்டி எப்படியும் எல்லோரையும் கிளப்ப ஆரம்பிப்பார்கள். யாராவது பணம் கேட்டாலோ, போனைப் பிடுங்கினாலோ, வீடியோ எடுத்து மிரட்டினாலோ, அவர் எந்தச் சட்டை போட்டிருந்தாலும் 112-க்கு அழையுங்கள். பெண்களுக்கு 181 உதவி எண்ணும் 24 மணி நேரமும் இயங்குகிறது.

ஆப் மூலம் அறிமுகமானவரை முதல் முறை சந்திக்கிறீர்கள் என்றால், வீட்டு வாசலில் வந்து பிக்கப் செய்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டாம். தனித்தனியாக வந்து தனித்தனியாகப் போவதுதான் முறை. நெருங்கிய தோழி அல்லது நண்பர் ஒருவருக்கு லைவ் லொகேஷன் அனுப்பி வையுங்கள். ஆண்களும்தான். ஆப்பில் பழகி வரவழைத்து, பணம் பறிக்கும் கும்பல்களிடம் ஆண்களும் மாட்டுகிறார்கள், வெளியே சொல்வதில்லை.

பைக்ல போறீங்களா?

இரண்டாவது ஹெல்மெட் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம். அதற்காக மட்டும் சொல்லவில்லை. துவைத்து வைத்த இரண்டாவது ஹெல்மெட்டோடு வருகிற ஆளைப் பற்றி எதிராளிக்கு ஒரு அபிப்பிராயம் வரும். பூங்கொத்தைவிட நல்ல அபிப்பிராயம் அது. ஒரு பெக் போடுவதாக இருந்தால் வண்டியைத் தொடாதீர்கள். குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம். அந்த ராத்திரியில் அபராதம் சின்ன விஷயம்தான். பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

ஆட்டோ என்றால், 2013-ல் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணமான முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்பதை வரலாற்றுப் பாடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் புக் செய்யும்போது ரெஸ்டாரன்ட் இருக்கும் சந்துக்குள் வண்டியைக் கூப்பிடாமல், மெயின் ரோடு வரை நடந்து வந்து புக் செய்தால் கேன்சல் ஆவது குறையும். மழைக்காலத்தில், அதாவது அக்டோபர் நடுவில் இருந்து டிசம்பர் வரை, எல்லாக் கணக்கோடும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றுத் திட்டம் ஒன்றும் வேண்டும், அதுவும் அதே ஏரியாவிலேயே. மழையில் ஏரியா மாறினால் அன்று ராத்திரி அவ்வளவுதான்.

ராத்திரிதான் வேணுமா?

குழந்தை இருக்கும் தம்பதிகள் கவனத்துக்கு. 'டேட் நைட்' என்ற பெயரில் நைட் இருக்கிறது என்பதற்காக அதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, குழந்தை எழுவதற்கு முன், பீச்சில் ஒரு நடை. அப்படியே சுடச்சுட இட்லி, வடை, ஃபில்டர் காபி. எட்டரைக்கு வீடு. டிராஃபிக் இல்லை, பார்க்கிங் கிடைக்கும், அத்தையோ பாட்டியோ வீட்டில் இருந்தால் தூங்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள யோசிக்கவும் மாட்டார்கள். கடலில் சூரிய உதயம் வேறு, அது நம் பக்கம்தான்.

நண்பர் கதைக்கு வருவோம். மூன்று வாரம் கழித்து இரண்டாவது முறை பிளான் போட்டார்கள். இந்த முறை புதன்கிழமை. நண்பர் ஆபீஸில் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு, ஆலந்தூரில் பைக்கை நிறுத்திவிட்டு மெட்ரோவில் ஏறினார். அண்ணா நகர் டவர் ஸ்டேஷனில் இறங்கியபோது ஆறு மணிகூட ஆகவில்லை. 1968-ல் நடந்த பொருட்காட்சிக்காகக் கட்டப்பட்ட கோபுரம் இருக்கும் அந்தப் பூங்காவில் உட்கார்ந்து, வாக்கிங் போகும் பெரியவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வேலை முடித்து, ஹாஸ்டலுக்குப் போய் முகம் கழுவி, பையை வைத்துவிட்டு நிதானமாக ஆறே முக்காலுக்கு வந்தார். பூங்காவைச் சுற்றி நடந்தார்கள். இரண்டாவது அவென்யூவில் ஒரு சாதாரண ஹோட்டலில் ரவா தோசை. கடல் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை, பக்கத்து டேபிளில் ஒரு குழந்தை சாம்பாரைக் கொட்டியது.

ஒன்பது பதினைந்துக்கு நண்பரிடம் இருந்து எனக்கு ஒரு மெசேஜ். 'ஹாஸ்டலுக்கு எதிர்ல டீக்கடைல நிக்கறோம். கேட் பூட்ட இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. ரெண்டாவது டீ சொல்லியாச்சு.'